ஜெனரல்களின் தண்ணி வண்டி

1967 நவம்பர், மாஸ்கோ செஞ்சதுக்கம். ரஷ்யப் புரட்சிக்கு ஐம்பதாம் பிறந்தநாள். அணிவகுப்பில் முதலை மாதிரித் தரையோடு தரையாக ஒரு புது வண்டி உருண்டு வந்தது. பெயர் பிஎம்பி. உள்ளே எட்டு சிப்பாய்கள். மேலே 73 மில்லிமீட்டர் பீரங்கி, அதன் தலையில் டாங்கியை அடிக்கும் ஏவுகணை ஒன்று. பக்கவாட்டில் உள்ளிருந்தபடியே துப்பாக்கி நீட்டிச் சுட ஓட்டைகள். போதாததற்கு ஆற்றில் இறக்கினால் நீந்தும்.

அமெரிக்கத் தரைப்படை ஜெனரல்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. பக்கத்து வீட்டுக்காரன் வாசலில் புதுக் கார் வந்து நின்றுவிட்டது. இவர்கள் வீட்டில் இருந்ததோ எம்-113 என்ற பழைய அலுமினியப் பெட்டி. அதற்கு ஒரு மூடி, ஒரு எந்திரத் துப்பாக்கி, உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சு. 11 சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சண்டை நடக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இறக்கிவிட்டுத் திரும்பி வந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால் ஷேர் ஆட்டோ. செய்ய வேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த வண்டி. ஆனால் பக்கத்து வீட்டில் பீரங்கி வைத்த ஷேர் ஆட்டோ வந்த பிறகு இதில் ஏறி உட்கார யாருக்கு மனசு வரும்? புது வண்டி ஒன்றுக்கான யோசனை அமெரிக்காவில் ஏற்கெனவே மெதுவாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிஎம்பியைப் பார்த்ததும் அந்த யோசனைக்குச் சாமி வந்துவிட்டது.

இப்படித் தொடங்கிய கதையை 1998இல் எச்பிஓ ஒரு காமெடிப் படமாக எடுத்தது. 'தி பென்டகன் வார்ஸ்' என்று பெயர். இயக்கம் ரிச்சர்ட் பெஞ்சமின். ஜேம்ஸ் பர்ட்டன் என்ற விமானப்படைக் கர்னல் ஓய்வுபெற்ற பிறகு 1993இல் எழுதிய புத்தகம்தான் மூலம். பர்ட்டனாக கேரி எல்வெஸ் நடித்தார். அவரை ஓட ஓட விரட்டும் தரைப்படை மேஜர் ஜெனரல் பார்ட்ரிட்ஜாக கெல்சி கிராமர். பார்ட்ரிட்ஜ் கற்பனை ஆள். ஆனால் அரசாங்க அலுவலகத்தில் ஒரு ஃபைலை நகர்த்த முயன்றிருக்கிற எவருக்கும் அவரை நேரில் பார்த்த மாதிரியே இருக்கும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல், கேட்காத கேள்விக்கெல்லாம் கம்பீரமாகப் பதில் சொல்கிற ஜாதி.

ஆயுதக் கோளாறை வைத்துச் சிரிக்க ஹாலிவுட் அதற்கு முன்பும் முயன்று பார்த்து விழுந்திருக்கிறது. 'எக்ஸார்சிஸ்ட்' எடுத்து ஊரையே அலறவிட்ட வில்லியம் ஃப்ரீட்கின், 1983இல் 'டீல் ஆஃப் தி செஞ்சுரி' என்று ஆயுதத் தரகர்களைப் பற்றி ஒரு காமெடி எடுத்தார். பேய்ப் படத்தில் வந்த சிரிப்புகூட அதில் வரவில்லை. அடுத்த ஆண்டு டட்லி மூரும் எடி மர்ஃபியும் நடித்த 'பெஸ்ட் டிஃபென்ஸ்', கோளாறான டாங்கிப் பாகம் ஒன்றைப் பற்றியது. படத்திலும் அதே கோளாறு. இரண்டும் உட்கார்ந்து யோசித்து எழுதிய காமெடி. 'பென்டகன் வார்ஸ்' ஆட்கள் புத்திசாலிகள். உண்மையை எடுத்து, சில பெயர்களை மாற்றி, முடியை மட்டும் சரியாக வாரிவிட்டார்கள்.

படத்தில் ஒரு பத்து நிமிஷக் காட்சி இருக்கிறது. முழுப் படமும் பார்க்க நேரமில்லாதவர்கள் அதை மட்டுமாவது பார்க்கலாம். ராபர்ட் ஸ்மித் என்ற அதிகாரியிடம் (நடித்தவர் ரிச்சர்ட் ஷிஃப்) புது வண்டியை வடிவமைக்கும் பொறுப்பு வருகிறது. பாவம், இளைஞர், தலையில் முடி இருக்கிறது, கையில் வரைபடம் இருக்கிறது. சிப்பாய்களை ஏற்றிச் செல்லும் வண்டி, 11 பேர் உட்காரலாம். மேசையைச் சுற்றி ஜெனரல்கள். ஒருவர், ஒரு பீரங்கி வைத்தால் என்ன என்கிறார். வைத்தால் அதைத் தாங்கிச் சுழலும் கூண்டு வேண்டும். கூண்டு வைத்தால் அதற்குக் குண்டு வேண்டும். குண்டு அடுக்க இடம் வேண்டும். இடம் எங்கே இருக்கிறது? சிப்பாய் உட்காருகிற இடத்தில். இரண்டு பேரை இறக்கு. அடுத்த கூட்டத்தில் இன்னொருவர், உளவு பார்க்கவும் இதுவே போதுமே என்கிறார். இன்னொருவருக்கு ஓட்டை வேண்டும், இன்னொருவருக்கு நீந்த வேண்டும், இன்னொருவருக்கு டாங்கியை அடிக்கும் ஏவுகணை வேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் ஸ்மித்தின் முடி குறைகிறது, வண்டியில் ஆள் குறைகிறார்கள், கூடுவது அவர் பதவி மட்டும்தான்.

என் சித்தப்பா ஒருவர் வீடு கட்டிய கதை எனக்கு ஞாபகம் வருகிறது. அரை கிரவுண்டில் இரண்டு படுக்கையறை என்றுதான் தொடங்கினார். மாமியார் பூஜையறை கேட்டார். மைத்துனர் வாஸ்துப்படி தண்ணீர்த் தொட்டியை ஈசான மூலைக்கு நகர்த்தினார். யாரோ ஒருவர், மாடி எழுப்புகிற மாதிரி அஸ்திவாரம் போட்டுவிடு என்றார். கடைசியில் மாடி எழும்பியபோது படிக்கட்டுக்கு இடமில்லை. பக்கத்து மனைப் பக்கம் இரும்புப் படி ஒன்று தொங்குகிறது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த எல்லாரும் தாங்கள் சொன்ன யோசனை நன்றாக வந்திருப்பதாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நிஜத்தில் நடந்ததும் அதிகம் வேறில்லை. படம் பத்து நிமிஷத்தில் முடித்ததை பென்டகன் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது, அவ்வளவுதான். வண்டியைச் செய்யும் ஒப்பந்தம் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இருந்த எஃப்எம்சி கம்பெனிக்குப் போனது. இந்தக் கம்பெனியின் பூர்வீகம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழத்தோட்டங்களுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் பம்பு செய்து தொடங்கியவர்கள். எஃப்எம்சி என்ற பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்தும் உணவு எந்திரத்தைக் குறிப்பவை. தக்காளியை டப்பாவில் அடைக்கும் வித்தையில் தேறியவர்கள், சிப்பாயை டப்பாவில் அடைக்கும் வேலைக்கு வந்ததில் ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது. எம்-113ஐச் செய்ததும் இவர்களே.

முதலில் வந்த மாதிரி வண்டியில் ஒருவர் உட்காரும் சின்னக் கூண்டும் 20 மில்லிமீட்டர் துப்பாக்கியும் இருந்தன. 1976இல் பிரிகேடியர் ஜெனரல் லார்க்கின் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து யோசித்தது. யோசித்து எழுந்தபோது கூண்டு இரண்டு பேர் கூண்டாகியிருந்தது, 20 மில்லிமீட்டர் 25 ஆகியிருந்தது, பக்கவாட்டில் டாங்கியை அடிக்கும் 'டோ' ஏவுகணைகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. 1981இல் வண்டி படையில் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்களின் நலனில் அக்கறை காட்டியவர் என்று பேர் வாங்கிய ஜெனரல் ஒமர் பிராட்லியின் பெயரை வைத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அவர் காலமாகியிருந்தார். ஆட்சேபம் சொல்ல ஆளில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கு என்று தெரிந்த பிறகு வாலுக்குத் தனி டெண்டர் விட்டார்கள். 11 பேர் போக வேண்டிய வண்டியில் வண்டிக்காரர்கள் மூவர் போக ஆறு பேர், நெருக்கினால் ஏழு. காலாட்படையைக் கொண்டுபோகும் வண்டியில் காலாட்படைக்கு இடமில்லை. உளவு பார்க்கும் வண்டி என்று இன்னொரு ரகம் செய்தார்கள். உயரம் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். ஒளிந்து எட்டிப் பார்க்க வேண்டியவன் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து போவது போல. ஏவுகணையைச் சுட வேண்டுமானால் வண்டி அசையாமல் நிற்க வேண்டும். நீந்த வேண்டுமானால் முதலில் கீழே இறங்கி, வண்டியைச் சுற்றித் துணித் தடுப்பை நிமிர்த்திக் கட்ட வேண்டும். எதிரி அதுவரை கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான் என்று நம்பிக்கை. கட்டிய பிறகும் சில வண்டிகள் பயிற்சியிலேயே மூழ்கின.

அந்த ஓட்டைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரஷ்யனிடம் இருக்கிறதே என்று பக்கத்துக்கு இரண்டு, பின்னால் இரண்டு என ஆறு ஓட்டை போட்டார்கள். ஓட்டைக்குள் நீட்டுவதற்கு எம்-231 என்று ஒரு தனித் துப்பாக்கியே செய்தார்கள். எம்-16 துப்பாக்கியை வெட்டிக் குட்டையாக்கிய உருவம். அதில் குறிபார்க்கும் கருவி கிடையாது. உள்ளிருப்பவனுக்கு வெளியே சரியாகத் தெரியாது என்கிறபோது குறி எதற்கு? விசையை அழுத்தினால் நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் என்ற வேகத்தில் பொழியும். ஒளிவிட்டுப் பாயும் குண்டுகள் எங்கே போகின்றன என்று சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்து, குழாயில் செடிக்குத் தண்ணீர் அடிப்பது போலத் திருப்பிக்கொள்ள வேண்டும். துப்பாக்கியில் மாட்டிய குண்டு சில நொடிகளில் காலி. ஓடும் வண்டியின் ஆட்டத்தில், பெஞ்சில் முதுகைத் திருப்பிக்கொண்டு, குறியில்லாத துப்பாக்கியால், தெரியாத எதிரியைச் சுடுவதற்கு ஆறு ஓட்டைகள். சில ஆண்டுகள் கழித்து வந்த வண்டிகளில் பக்கவாட்டு ஓட்டைகளின் மேல் இரும்புத் தகடு வைத்து மூடிவிட்டார்கள். ஓட்டை போட்டதற்கும் பில், அடைத்ததற்கும் பில்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் வண்டிக்குள் இருந்தது. அலுமினியச் சுவர். அதற்குள் ஒரே பெட்டியில் டீசல், பீரங்கிக் குண்டுகள், ஏவுகணைகள், அவற்றுக்கு நடுவில் சிப்பாய்கள். டாங்கியைத் துளைக்கும் குண்டு ஒன்று பட்டால் ஓட்டை சின்னதுதான் விழும். ஆனால் சுவரின் உள்பக்கத்து உலோகமே சில்லுச் சில்லாகப் பெயர்ந்து உள்ளே தெறிக்கும். அது தெறிக்கிற இடத்தில்தான் டீசலும் வெடிமருந்தும் இருக்கின்றன.

கர்னல் பர்ட்டன் இங்கேதான் கதைக்குள் வருகிறார். 1980களின் தொடக்கத்தில் பாதுகாப்புத் துறைச் செயலரின் அலுவலகத்தில், ஆயுதச் சோதனைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு அவருக்கு. ஜான் பாய்ட் என்ற விமானப்படைக்காரரைச் சுற்றி அப்போது ஒரு சீர்திருத்தக் கோஷ்டி இருந்தது. பென்டகன் வாங்குவதெல்லாம் விலை அதிகம், வேலை குறைவு என்று கத்திக்கொண்டிருந்த கூட்டம். பர்ட்டன் அந்த மடத்துச் சீடர். விமானப்படைக்காரன் தரைப்படை வண்டியில் கை வைப்பது, பெண் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா அடுப்பங்கரைக்குள் போய்ச் சாம்பாரில் உப்புப் பார்ப்பது போல. அதிலும் அவர் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். வண்டியில் போருக்குப் போகிற மாதிரி டீசல் நிரப்புங்கள், குண்டு அடுக்குங்கள், ரஷ்யக் குண்டால் சுடுங்கள், என்ன ஆகிறது பார்ப்போம்.

இதைக் கேட்டதும் தரைப்படைக்கு வந்த கோபத்தைப் பார்த்தால், வண்டியைச் சுடச் சொன்னதாகவே தோன்றாது, ஜெனரலைச் சுடச் சொன்னார் என்றுதான் தோன்றும். விலை கொடுத்து வாங்கிய வண்டியை யாராவது சுடுவார்களா? ஆயிரக்கணக்கில் வாங்கப்போகும் வண்டியை எதிரி சுடும் வரை காத்திருப்பது சிக்கனம் என்ற கட்சி அது.

1985இல் மேரிலாந்து மாநிலத்தின் அபர்தீன் சோதனைத் திடலில் ஒருவழியாகச் சுட்டார்கள். பர்ட்டன் போய்ப் பார்த்தால், டீசல் டாங்கில் தண்ணீர். வெடிமருந்து இருக்க வேண்டிய இடத்தில் வெடிக்காத சரக்கு. சுட்ட குண்டு ருமேனியாவில் செய்த சோப்ளாங்கி ரகம், அசல் ரஷ்யக் குண்டின் பலம் அதற்கு இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு. தண்ணீர் நிரப்பிய வண்டி தீப்பிடிக்கவில்லை என்று சோதனையில் தெரியவந்தது. நம் ஊரில் தெருத்தெருவாக ஓடும் தண்ணி வண்டி எதுவும் இதுவரை வெடித்ததாகச் செய்தி இல்லை. அதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவுக்கு ஒரு ராணுவ ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது.

தரைப்படை விஞ்ஞானிகளுக்கு ஒரு பதில் இருந்தது. நேர்மையாகச் சொன்னால் அது முட்டாள்தனமான பதில் இல்லை. எல்லாவற்றையும் நிரப்பிச் சுட்டால் வண்டி ஒரேயடியாக எரிந்து சாம்பலாகிவிடும். சாம்பலிலிருந்து என்ன தெரிந்துகொள்வது. ஒவ்வொன்றாகச் சோதித்து, எண்களைக் கணினியில் போட்டுக் கணக்குப் போடுவதுதான் முறை என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரேயடியாக எரிந்து சாம்பலாகும் என்று அவர்களே சொல்கிறார்களே, உள்ளே உட்காரப்போகிற பையனிடம் இதை யாராவது சொன்னார்களா என்று மட்டும்தான் பர்ட்டன் கேட்டார்.

படத்தில் இந்த இடத்தில் ஆடு வருகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று பார்க்கச் செம்மறி ஆடுகளைக் கட்டிவைத்துச் சுடலாம் என்று யோசனை. சும்மா விடுமா அலுவலகம்? ஆடு என்றால் எப்படிப்பட்ட ஆடு என்று அதற்கு விவரக்குறிப்பு, ஃபைல், அதை வாங்க ஒரு தனி அலுவலகம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. சந்தையில் போய் பல்லைப் பிடித்துப் பார்த்து, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி முடிக்கிற விஷயம். காட்சி கொஞ்சம் மிகைதான். ஆனால் பிளம்பருக்கான குழாய் ரப்பர் வாங்க மூன்று கொட்டேஷன் கேட்ட இடத்தில் வேலை பார்த்தவன் நான். எனக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

அந்தக் காலத்து பென்டகன் கடைச் சாமான் பட்டியலைப் பார்த்தால் ஆடு ஒன்றுமே இல்லை. 1980களில் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அதுதான் தினசரித் தீனி. சுத்தியல் ஒன்று 435 டாலர். விமானக் கக்கூசின் பிளாஸ்டிக் மூடி 640 டாலர். சரக்கு விமானத்துக்கான காபி போடும் எந்திரம் 7,622 டாலர். அந்தக் காபிக்கு பில்டரும் டபராவும் தங்கத்தில் வைத்தால்கூட கணக்கு உதைக்கும். சுத்தியலுக்கு ஒரு சமாதானம் உண்டு. கம்பெனியின் பொதுச் செலவைச் சாமானுக்குச் சாமான் சமமாகப் பங்கு போட்டதால் சுத்தியலுக்கும் ராக்கெட் பாகத்துக்கும் ஒரே சுமை ஏறிவிட்டது என்பார்கள். கல்யாணச் செலவை வந்த பந்தியால் வகுத்து, வெற்றிலைச் சீவல் விலை இரண்டாயிரம் என்று எழுதிய மாதிரி.

பிராட்லிக்கு ஒரு தம்பியும் இருந்தது. 'சார்ஜென்ட் யார்க்'. விமானத்தையும் ஹெலிகாப்டரையும் சுட்டு வீழ்த்தும் இரட்டைக் குழல் பீரங்கி வண்டி. முதல் உலகப்போரில் 132 ஜெர்மானியரைச் சிறைபிடித்த ஆல்வின் யார்க்கின் பெயர். செய்தது கார் கம்பெனி ஃபோர்டின் ஆயுதக் கிளை. பழைய பேட்டன் டாங்கியின் உடம்பு, எஃப்-16 போர் விமானத்தின் ராடார். வானத்தில் பறக்கும்போது மேலிருந்து பார்க்கப் பழகிய ராடாரைத் தரையில் வைத்தால் மரம், மட்டை எல்லாம் எதிரியாகத் தெரிகிறது. 1982இல் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டினார்கள். பொத்தானை அழுத்தியதும் குழல்கள் வானத்தைப் பார்க்காமல் சாவதானமாகத் திரும்பிப் பார்வையாளர் மேடையைப் பார்த்தன. மேடையில் இருந்தவர்கள் பதவி வித்தியாசம் பார்க்காமல் கீழே விழுந்தார்கள். முந்தின நாள் வண்டியைக் கழுவியதில் தண்ணீர் பட்டுவிட்டது என்று காரணம் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. ஐரோப்பாவில் மழைக்காலத்தில் போர் வந்தால் லீவு விட்டுவிட வேண்டியதுதான். கழிப்பறை ஒன்றின் காற்றாடியை ஹெலிகாப்டர் என்று நினைத்துக் குறிவைத்தது என்றும் ஒரு கதை உலவியது. கதையாகவே இருக்கட்டும், அந்த வண்டியைப் பற்றிச் சொன்னால் நம்பத் தோன்றியதே, அதுதான் மதிப்பெண். 1985 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறைச் செயலர் காஸ்பர் வைன்பெர்கர் திட்டத்தை மூடினார். அதற்குள் 1.8 பில்லியன் டாலர் போயிருந்தது. 50 வண்டி வந்திருந்தது.

தம்பி செத்த அதே ஆண்டு அண்ணனுக்குச் சோதனை என்றால் ஜெனரல்கள் எவ்வளவு பதறியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். பர்ட்டனைக் கழற்றிவிட ஏற்கெனவே முயன்றிருந்தார்கள். அவர் பதவியே தேவையில்லை என்றார்கள், அவரை அலாஸ்காவுக்கு மாற்ற உத்தரவும் போட்டார்கள். நம் அதிகாரிகளுக்கு ராமநாதபுரம் எப்படியோ, பென்டகன்காரர்களுக்கு அலாஸ்கா. காங்கிரஸ் (நம் கதர்ச் சட்டைக் காங்கிரஸ் இல்லை, அவர்கள் நாடாளுமன்றம்) சத்தம் போட்டதும் உத்தரவு பின்வாங்கியது. பர்ட்டனிடம் ஆயுதம் எதுவும் இல்லை. குறிப்பு எழுதுவார். எழுதியதைப் பலருக்கும் நகல் அனுப்புவார். ரகசியமாகப் பேசி முடிக்கும் பழக்கமுள்ள இடத்தில், எழுத்தில் கொடுக்கிறவனைவிட ஆபத்தானவன் கிடையாது. நகல்கள் காங்கிரஸுக்குப் போய்ச் சேர்ந்தன, பத்திரிகைகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

கடைசியில் நிஜமாகவே நிரப்பிச் சுட்டார்கள். வண்டியில் பல மாற்றம் வந்தது. 1988இல் வந்த ரகத்தில் வெளியே கூடுதல் இரும்புத் தகடு, உள்ளே சில்லு தெறிக்காமல் பிடித்துக்கொள்ளும் கெவ்லார் விரிப்பு, குண்டுகளை அடுக்கும் முறையில் மாற்றம், எடை கூடியதற்கு 600 குதிரைத்திறன் எஞ்சின். பர்ட்டன் கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் 1986இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. போர்க்களத்தில் இருப்பது போல எண்ணெயும் குண்டும் நிரப்பி, நிஜக் குண்டால் சுட்டுப் பார்க்காமல் இத்தகைய வண்டிகளை முழுவீச்சில் உற்பத்தி செய்யக் கூடாது. அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. அதே 1986இல் பர்ட்டனை ஒஹையோவுக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை, ஓய்வு பெற்றார். கர்னலாகச் சேர்ந்த இடத்திலிருந்து கர்னலாகவே வெளியே வந்தார்.

படம் சொல்லும் கணக்கில் வண்டிக்கு ஆனது 17 வருஷம், 14 பில்லியன் டாலர். படம் அங்கேயே முடிந்துவிடுகிறது, அநியாயம் செய்தவர்களுக்குப் பதவி உயர்வு, நியாயம் கேட்டவனுக்கு வீட்டு வாசல் என்று. பார்த்துவிட்டு, இப்படியொரு தகர டப்பாவா என்று தலையில் அடித்துக்கொண்டு தூங்கப் போகலாம். அந்த ஒரு காட்சியை ஆதாரமாக வைத்துக்கொண்டு பிராட்லியைக் கரித்துக்கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கும் பல காலம் அதுதான் அபிப்பிராயம்.

ஆனால் வண்டி அடம்பிடித்தது. 1991 வளைகுடாப் போருக்கு சுமார் 2,200 பிராட்லிகள் போயின. பாலைவனத்தில் ஈராக்கிய டாங்கிகளை அந்த 'டோ' ஏவுகணையால் அடித்து நொறுக்கின. ஆமாம், ஜெனரல்கள் கடைசி நேரத்தில் வாலாக ஒட்டவைத்த அதே ஏவுகணை. அழிந்த பிராட்லிகள் 20. அதில் 17ஐச் சுட்டது அமெரிக்கர்களே. இருட்டிலும் மணற்புழுதியிலும் ஆள் தெரியாமல் சொந்தப் பக்கமே அடித்தது. இதை வைத்து நான் சிரிக்க மாட்டேன், உள்ளே பையன்கள் இருந்தார்கள். பர்ட்டன் கேட்ட அசல் குண்டுச் சோதனையை அவர்கள் அங்கே எழுதினார்கள்.

பிறகு 2023இல் உக்ரைனுக்குப் போனது. 2024 ஜனவரியில் அவ்தீவ்காவுக்கு அருகே ஸ்டெபோவே என்ற ஊரில் எடுத்த வீடியோவை உலகமே பார்த்தது. ரஷ்யாவின் புத்தம்புது டி-90எம் டாங்கி ஒன்றை இரண்டு பிராட்லிகள் சுற்றிச் சுற்றிக் கொத்துகின்றன. 25 மில்லிமீட்டர் குண்டு அந்த டாங்கியின் கவசத்தைத் துளைக்காது. துளைக்கவில்லை. ஆனால் மேலே இருந்த கண்ணாடிகளையும் கருவிகளையும் பெயர்த்துவிட, டாங்கியின் கூண்டு சாமியாடுவது போலச் சுற்றத் தொடங்கியது. கடைசியில் மரத்தில் போய் மோதி நின்றது. ரஷ்யனைப் பார்த்து வயிறெரிந்து செய்த வண்டி, 56 வருஷம் கழித்து ரஷ்யன் வயிற்றில் அடித்தது. அடிபட்ட பிராட்லியிலிருந்து ஆட்கள் உயிரோடு இறங்கி நடந்து வருகிறார்கள் என்பதுதான் உக்ரைன் சிப்பாய்கள் அதைப் பற்றிச் சொல்லும் பெரிய பாராட்டு.

ஆக, படம் கிண்டல் செய்த பீரங்கியும் ஏவுகணையும் வேலை செய்தன. ஜெனரல்கள் கிண்டல் செய்த சோதனையும் வேலை செய்தது. ஒருவரை ஒருவர் அலாஸ்காவுக்கு அனுப்பத் துடித்த இரண்டு கோஷ்டிகளும் பாதி பாதி சரி. இப்படி ஒரு முடிவைப் படத்தில் வைத்தால் எந்தத் தயாரிப்பாளர் பணம் போடுவார்?

பிராட்லிக்கு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று தரைப்படை ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறது. பிராட்லி உட்பட ஒரு கூட்டம் வண்டிகளையே மாற்றப்போகும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, சுமார் 18 பில்லியன் டாலர் செலவழித்து, 2009இல் கைவிட்டார்கள். அடுத்த வண்டிக்குக் கூட்டம் போட்டார்கள். இந்த முறை ஆள் குறையவே கூடாது, ஒன்பது சிப்பாயும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்று முதலிலேயே எழுதிக்கொண்டார்கள். பீரங்கியும் வேண்டும், கண்ணிவெடிக்கும் தாங்க வேண்டும், கவசமும் வேண்டும். எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது எடை 84 டன் வரை போகலாம் என்று கணக்கு வந்தது. அமெரிக்காவின் பெரிய டாங்கியான அப்ராம்ஸே சுமார் 70 டன்தான். 2014இல் அதையும் கைவிட்டார்கள். மூன்றாவது முயற்சிக்கு டெண்டர் விட்டு, தேறியது ஒரே கம்பெனி என்பதால் 2020இல் அதை ரத்து செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அந்த வண்டிக்கு 2023இல் எக்ஸ்எம்-30 என்று பெயர் வைத்தாகிவிட்டது. பிராட்லி இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஏறுகிறவர்கள் அதே ஆறு பேர், நெருக்கினால் ஏழு.